பதினெட்டு என்று எழுதிய நாள்

மருத்துவமனையை விட்டு வந்த முதல் வாரத்தில் எங்கள் இருவரையும் மிகவும் அலைக்கழித்தது அமைதிதான். தீவிர சிகிச்சைப் பிரிவில் பத்தொன்பது ஆண்டுகள் வேலை பார்த்தவர்களின் காதுகள் ஒருவகையில் பழுதுபட்டவை. மானிட்டரின் ஓசை, வென்டிலேட்டர் மூச்சை உள்ளே தள்ளும் ஓசை, மருந்து தீரப்போகிறது என்று பம்பு எழுப்பும் கூக்குரல் எல்லாம் விடுமுறை நாளிலும் தூக்கத்துக்குள் வந்து எழுப்பிவிடும். அப்படிப்பட்ட நாங்கள் திருச்சி பொன்மலைப்பட்டியில் ஓர் ஓட்டு வீட்டின் உள்ளறையில், பக்கவாதத்தால் படுத்துவிட்ட பெரியவர் ஒருவரின் கட்டிலருகே நின்றபோது கேட்டது சுவர்க் கடிகாரத்தின் ஓசையும் கொல்லையில் துணி துவைக்கும் ஓசையும் மட்டுமே. நோயாளி எப்படி இருக்கிறார் என்று சொல்ல அங்கே எந்த இயந்திரமும் இல்லை. சொல்லவேண்டியவர்கள் நாங்கள்தான் என்பது உறைக்கப் பல மாதங்கள் ஆயின. அது முழுமையாக உறைத்த நாளைப் பற்றியதே இக்கட்டுரை.

'நாங்கள்' என்று எழுதுவதற்குக் காரணம் உண்டு. ஒரே ஆண்டில் செவிலியர் பள்ளியில் சேர்ந்து, ஒரே விடுதி அறையில் தங்கிப் படித்து, 2002-இல் ஒரே தனியார் மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்தவர்கள் நாங்கள். 2021-இன் இறுதியில் ஒரே நாளில் விலகல் கடிதம் கொடுத்தோம். கொரோனாவின் இரண்டாம் அலை முடிந்திருந்தது. ஒருத்திக்கு முழங்கால் போயிருந்தது. மற்றொருத்தியின் தாயார் வீட்டில் படுக்கையில் இருந்தார். இரவுப் பணி இனி எங்களால் ஆகாது என்று தெரிந்துவிட்டது. அடுத்த தை மாதத்திலிருந்து வீடுகளுக்குச் சென்று செவிலியப் பணி செய்யத் தொடங்கினோம். ஒரே நோயாளியின் வீட்டுக்கு ஒருத்தி மாற்றி ஒருத்தி போவோம். ஆகவே ஒருத்தியின் குறிப்பு மற்றவளின் குறிப்பு. ஒருத்தியின் பிழை இருவரின் பிழை. கீழே சொல்லப்போகும் பிழையைச் செய்தது எங்களில் யார் என்பதை அதனாலேயே எழுதவில்லை.

விடைபெறப் போனபோது எங்களுக்குத் தொழில் கற்றுத்தந்த மூத்த சிஸ்டர் சொன்னார்: "வீட்டு வேலைக்குப் போறீங்க. ரெண்டே வருஷம், கை மரத்துப் போயிடும். அப்புறம் திரும்பி வரணும்னாலும் வர முடியாது." அவர் கோபத்தில் சொல்லவில்லை. தீவிர சிகிச்சைப் பிரிவில் இருப்பவர்களிடம் பொதுவாக இருக்கும் எண்ணம் அது. வீட்டுக்குச் சென்று பார்ப்பது என்றால் புண்ணுக்கு மருந்து வைப்பதும், சிறுநீர்ப் பையை மாற்றுவதும், பெரியவர்களுக்குப் பேச்சுத்துணையாக இருப்பதும்தான் என்று நாங்களும் ஒரு காலத்தில் நினைத்திருந்தோம். வென்டிலேட்டரின் அளவுகளை மாற்றியவர்கள், இதயத்துடிப்பின் கோடுகளைத் தூரத்திலிருந்தே வாசித்தவர்கள், இனிக் குளுக்கோமீட்டரைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாகப் போவதா என்ற கூச்சமும் இருந்தது. பொய் சொல்வானேன்.

அந்தக் கூச்சத்தைக் குறைத்தது கொஞ்சம் வரலாறு. பள்ளியில் மனப்பாடம் செய்து மறந்துபோனதைத் திரும்பப் படித்தோம். ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் 1859-இல் எழுதிய 'நோட்ஸ் ஆன் நர்சிங்' செவிலியர்களுக்கான பாடநூல் அன்று. வீட்டில் நோயுற்றவரைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பில் உள்ள பெண்களுக்காக எழுதப்பட்டது. நோயாளியை உற்றுக் கவனிப்பதற்கென்றே அதில் ஓர் அத்தியாயம் உண்டு. அதே 1859-இல் லிவர்பூலில் வில்லியம் ராத்போன் என்ற வணிகர், இறந்துபோன தம் மனைவியைக் கவனித்துக்கொண்ட மேரி ராபின்சன் என்ற செவிலியை ஏழைகளின் வீடுகளுக்குச் சென்று பார்க்கும்படி மூன்று மாதங்களுக்கு அமர்த்தினார். ஒரு மாதத்திலேயே, கண்ட துயரத்தைத் தாளமுடியாமல் அவர் அழுதுகொண்டு திரும்பி வந்தாராம். பிறகு மனம் தேறித் தொடர்ந்தார். 1893-இல் நியூயார்க்கின் கிழக்குப் பகுதிக் குடியிருப்புகளில் படியேறிப் படியேறி நோயாளிகளைப் பார்த்த லில்லியன் வால்டும் இந்த வழியில் வந்தவரே. நம் பக்கத்தில், வேலூரில் 1909-இல் செவிலியர் பள்ளி தொடங்கிய ஐடா ஸ்கடர், குடியாத்தம் சாலையில் மரத்தடிகளில் நின்று மருத்துவம் பார்த்தார். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்திலும் வீட்டுக்கே சென்று நோய்த்தணிப்புச் சேவை அளிக்கும் செவிலியர்கள் இருக்கிறார்கள். வீடு என்பது எங்கள் தொழிலின் கடைக்கோடி என்று நினைத்திருந்தோம். தொழில் தொடங்கிய இடங்களில் அதுவும் ஒன்று என்று தெரிந்தது.

வரலாறு கூச்சத்தைப் போக்கலாம். கையைக் கூர்மையாக வைத்திருக்காது. முதல் ஆறு மாதங்களில் எது போகிறது, எது வருகிறது என்று ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே வந்தோம்.

போனவற்றில் முதலாவது நரம்பில் ஊசி ஏற்றுவது. வார்டில் ஒரு நாளைக்குப் பத்துப் பேருக்குப் போட்ட கை அது. பச்சை, இளஞ்சிவப்பு, நீலம் என்று ஊசியின் நிறத்தைப் பார்த்தே அளவை எடுப்போம். வீட்டில் மாதத்துக்கு ஒருமுறை தேவைப்பட்டால் அதிகம். அதுவும் எண்பது வயது தாண்டியவர்களின் வழுக்கி ஓடும் நரம்பில். ஒரு நாள் உறையூரில் ஒரு பாட்டியின் கையில் இரண்டு முறை தவறவிட்டு, மூன்றாம் முறை குத்தாமல் நிறுத்திக்கொண்டோம். பாட்டி எங்களைத்தான் தேற்றினார். இரண்டாவது, இதயத்துடிப்பின் கோடுகளை வாசிப்பது. நாள்தோறும் கண்ணில் பட்டவரை ஒரு நொடியில் பிடிபட்டது, ஆறு மாதங்களில் யோசித்துச் சொல்லவேண்டியதாயிற்று. மூன்றாவது, நின்றுபோன இதயத்தை மீட்கும் மார்பழுத்தம். நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, ஐந்து முதல் ஆறு சென்டிமீட்டர் ஆழம், 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு என்ற கணக்கு மனத்தில் இருந்தது. கை அந்தத் தாளத்தில் போகிறதா என்பது வேறு விஷயம். பயிற்சிச் சான்றிதழ் இரண்டு ஆண்டுகளுக்குச் செல்லும். திறமை சில மாதங்களிலேயே மங்கத் தொடங்கிவிடும். இதைத் தொழிலில் உள்ள எல்லோரும் அறிவார்கள், சான்றிதழைப் பத்திரப்படுத்துவதோடு நிறுத்தியும் கொள்வார்கள்.

வந்தவையும் இருந்தன. தென்னூரில் சர்க்கரை நோய்க்காக நாங்கள் பார்த்துவந்த ஓர் அம்மாளின் மணிக்கட்டில் விரல் வைத்தபோது துடிப்பு ஒழுங்கற்று ஓடியது. வார்டாக இருந்தால் மானிட்டர் சொல்லியிருக்கும். விரல் வைத்தே இருக்க மாட்டோம். ஸ்டெதஸ்கோப்பை மார்பில் வைத்து ஒருத்தி எண்ண, அன்று கூடவே வந்திருந்த மற்றொருத்தி மணிக்கட்டில் எண்ண, இரண்டு எண்களும் வேறுபட்டன. மருத்துவர் இ.சி.ஜி. எடுத்துப் பார்த்து உறுதிசெய்து மருந்து தொடங்கினார். பள்ளியில் இரண்டாம் ஆண்டில் கற்று, பிறகு பயன்படுத்தாமலேயே போன திறமை அது.

மூக்கு வழியாக வயிற்றுக்குள் செலுத்தும் ரைல்ஸ் ட்யூபும் அப்படித்தான். 1921-இல் ஜான் ஆல்ஃபிரட் ரைல் என்ற ஆங்கிலேய மருத்துவர் அறிமுகப்படுத்தியதால் அந்தப் பெயர். மூக்கிலிருந்து காதுமடல், அங்கிருந்து மார்பெலும்பின் கீழ்நுனி என்று அளந்து செலுத்துவோம். குழாய் வயிற்றில்தான் இருக்கிறதா, நுரையீரலுக்குள் போய்விட்டதா என்று பார்க்க, சிரிஞ்சால் காற்றைத் தள்ளி வயிற்றின்மேல் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்பதே நாங்கள் பழகிய முறை. சந்தேகம் வந்தால் எக்ஸ்ரே எடுத்துக்கொள்ளலாம் என்ற தைரியம் அதற்குப் பின்னால் இருந்தது. வீட்டில் எக்ஸ்ரே ஏது? அப்போதுதான் புத்தகத்தைத் திறந்து பார்த்தோம். அந்தக் காற்றொலியை நம்பக் கூடாது, குழாய் வழியே உறிஞ்சிய நீரைப் பி.எச். தாளில் விட்டுப் பார்க்கவேண்டும், 5.5 அல்லது அதற்குக் கீழே இருந்தால்தான் உணவு கொடுக்கலாம் என்று இருந்தது. இதைச் சொன்னது நேற்றைய புத்தகமன்று. நாங்கள் மருத்துவமனையில் இருந்த காலத்திலேயே மாறியிருந்த விஷயம் எங்களை எட்டவில்லை. பெரிய இடத்தில் இருந்தாலே கூர்மையாக இருப்போம் என்று நினைத்தது எவ்வளவு தவறு என்று அன்று கொஞ்சம் உறைத்தது. மீதி உறைத்தது அந்த ஆகஸ்டில்.

பொன்மலைப்பட்டிப் பெரியவருக்கு எழுபத்தெட்டு வயது. பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நாகப்பட்டினத்திலிருந்து 1928-இல் திருச்சிக்கு வந்த பணிமனை அது. அவருடைய தந்தையாரும் அங்கேதான் வேலை பார்த்தாராம். வலப்பக்கம் முழுவதும் செயலிழந்து, பேச்சும் போயிருந்தது. ரைல்ஸ் ட்யூப், சிறுநீர்க் கத்தீட்டர் இரண்டும் இருந்தன. கேள்வி கேட்டால் இடது கையால் எங்கள் விரலைப் பிடித்து அழுத்துவார். ஒருமுறை அழுத்தினால் ஆம், இரண்டு முறை அழுத்தினால் இல்லை. அவருடைய மனைவி எந்நேரமும் கட்டிலுக்கு அருகிலேயே ஒரு முக்காலியில் அமர்ந்திருப்பார். "எஞ்சின்ல என்ன கோளாறுன்னு, ஒரு கம்பிய அதுமேல வெச்சு இன்னொரு முனைய காதுல வெச்சுக் கேட்டே சொல்லிடுவாரு சிஸ்டர்" என்று ஒருமுறை சொன்னார். ஸ்டெதஸ்கோப்பைக் காட்டி, "இதே மாதிரிதான்" என்றார். பெரியவர் எங்கள் விரலை ஒருமுறை அழுத்தினார்.

ஆகஸ்ட் மாதத்தில் ஒரு வியாழக்கிழமை எங்களில் ஒருத்தி போனபோது அந்த அம்மா வாசலிலேயே நின்றிருந்தார். "ராத்திரியிலேர்ந்து அவரு மூச்சு வேற மாதிரி இருக்கு சிஸ்டர்" என்றார். விரலில் பல்ஸ் ஆக்ஸிமீட்டரை மாட்டினோம். 95 காட்டியது. காய்ச்சல் இல்லை. இரத்த அழுத்தம் 124/76. சற்று அயர்ந்திருந்தார், இரவு சரியாகத் தூங்கவில்லை போலும் என்று எண்ணிக்கொண்டோம். "ஆக்ஸிஜன் நல்லா இருக்குமா, ஒண்ணும் பயப்படாதீங்க" என்று சொல்லி, கத்தீட்டர் பையைக் காலிசெய்து, முதுகைப் பார்த்து, படுக்கையில் திருப்பிப் போட்டு, குறிப்பேட்டில் நாடித்துடிப்பு 92, மூச்சு 18 என்று எழுதிவிட்டு அடுத்த வீட்டுக்குப் புறப்பட்டோம்.

மறுநாள் காலை மற்றொருத்தி போனாள். அறைக்குள் நுழையும்போதே ஏதோ சரியில்லை என்று பட்டது. கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடம் முழுவதும் எண்ணினாள். 32. ஆக்ஸிமீட்டர் 88 காட்டியது. விரலைக் கொடுத்தபோது அவர் அழுத்தவில்லை. 108-ஐ அழைத்தோம். மருத்துவமனையில் நிமோனியா என்றார்கள். உணவு நுரையீரலுக்குள் போய் ஏற்பட்டது. முதியவர்களுக்குக் கடும் தொற்றிலும் காய்ச்சல் வராமல் போகலாம் என்பது எங்களுக்குத் தெரியாததா? ஆக்ஸிஜன் அளவு இறங்குவதற்கு முன்பே மூச்சின் வேகம் ஏறும் என்பது தெரியாததா? பயிற்சிச் செவிலியர்களுக்கு நாங்களே பாடம் எடுத்திருக்கிறோம்.

அன்று இரவு குறிப்பேடுகளை எடுத்து வைத்துக்கொண்டு இருவரும் உட்கார்ந்தோம். பெரியவரின் வீட்டுக்கு மட்டுமல்ல, தை முதல் நாங்கள் பார்த்த எல்லா வீடுகளுக்கும் உரியவை. மூச்சு என்ற கட்டத்தை மட்டும் பார்த்துக்கொண்டே போனோம். 18, 18, 20, 18, 18, 20, 18. எட்டு மாதங்களில் ஒருவருக்குக்கூட 17 இல்லை. ஒருவருக்குக்கூட 23 இல்லை. பதினைந்து வினாடி எண்ணி நான்கால் பெருக்கினால் 16 வரும், 20 வரும்; 18 வரவே வராது. முப்பது வினாடி எண்ணி இரண்டால் பெருக்கினால் 18 வரலாம். நாங்கள் முப்பது வினாடி எண்ணவில்லை என்பது எங்களுக்குத் தெரியும். அந்தப் பதினெட்டுகளில் பெரும்பாலானவை எண்ணப்படவே இல்லை. பார்த்தால் சரியாக இருக்கிறார் என்று தோன்றும்போது கை தானாக எழுதிய எண் அது.

இந்தப் பழக்கம் வீட்டில் வந்ததன்று. வார்டிலிருந்து கொண்டுவந்தது. மானிட்டர் மாட்டாத படுக்கைகளில் எல்லா நோயாளிகளும் நிமிடத்துக்கு 18 அல்லது 20 முறைதான் மூச்சு விடுவார்கள், குறிப்பேட்டில். மானிட்டர் மாட்டியவர்களுக்கு இயந்திரம் எண்ணும். இரண்டிலும் நாங்கள் எண்ணவில்லை. ஆனால் வார்டில் எங்களுக்குப் பின்னால் ஒரு மருத்துவர் வருவார், அடுத்த டியூட்டி சிஸ்டர் வருவார், யாரேனும் ஒருவர் கண்ணில் படும். எங்கள் கவனக்குறைவை அந்த ஏற்பாடு தாங்கிக்கொண்டிருந்தது. வீட்டில் எங்களுக்குப் பின்னால் வருபவர் மறுநாள்தான் வருவார். இடையில் இருப்பது ஓர் இரவு, முக்காலியில் அமர்ந்திருக்கும் ஒரு மனைவி. அவர் சொன்னதையும் நாங்கள் கேட்கவில்லை.

கை மரத்துப் போய்விடும் என்று மூத்த சிஸ்டர் சொன்னாரே, எங்கள் கை அவருடைய கண்ணெதிரில், அதே வார்டில், இயந்திரங்களின் நடுவில் என்றைக்கோ மரத்துவிட்டிருந்தது. வீட்டுக்கு வந்ததால் அது வெளியே தெரிந்தது.

பெரியவர் பன்னிரண்டு நாட்கள் கழித்துத் திரும்பி வந்தார். இடது கையின் பிடி தளர்ந்திருந்தது. ஒரு நாள் முன்னதாகக் கொண்டுபோயிருந்தால் வேறு மாதிரி இருந்திருக்குமா என்று மருத்துவரிடம் கேட்டோம். "சொல்ல முடியாது சிஸ்டர்" என்றார். அந்தப் பதிலோடுதான் இன்றுவரை இருக்கிறோம்.

அந்த அம்மாவிடம் சொல்லிவிடுவது என்று முடிவெடுத்தோம். வேலை போகலாம், வசவு கிடைக்கலாம் என்று எதிர்பார்த்தே இருவரும் சேர்ந்து போனோம். "அன்னைக்கு நீங்க சொன்னப்போ நாங்க மூச்சை எண்ணிப் பார்க்கலைம்மா. எண்ணாமலேயே எழுதிட்டோம்" என்றோம். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "எனக்கு எண்ணத் தெரியாது சிஸ்டர். மூச்சு விடறப்போ தோள்பட்டை மேல மேல ஏறிச்சு. அதான் சொன்னேன்" என்றார். மூச்சுத் திணறும்போது கழுத்து, தோள் தசைகளும் சேர்ந்து உழைக்கும் என்பது பாடநூலில் உள்ள அடையாளம். அவர் அதைப் படிக்காமலேயே பார்த்திருந்தார். நாங்கள் படித்துவிட்டுப் பார்க்காமல் போயிருந்தோம். பிறகு அவர் கேட்டார்: "எப்படி எண்ணறதுன்னு எனக்குச் சொல்லித் தருவீங்களா?"

அதன் பிறகு எங்களுக்குள் சில விதிகளை வகுத்துக்கொண்டோம். பெரிய தத்துவம் ஒன்றுமில்லை, கடைப்பிடிப்பதுதான் கடினம். முதல் விதி, எந்த வீட்டிலும் மூச்சை ஒரு நிமிடம் முழுவதும் எண்ணுவது. நாடி பார்ப்பதுபோல மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே மார்பைப் பார்த்து எண்ணவேண்டும். எண்ணுகிறோம் என்று தெரிந்தால் நோயாளியின் மூச்சு மாறிவிடும். பள்ளியில் முதல் ஆண்டில் சொல்லித்தந்தது. இரண்டாம் விதி, எண்களை எழுதிவிட்டு அப்படியே போகாமல் கூட்டிப் பார்ப்பது. இங்கிலாந்தின் ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் 2012-இல் வெளியிட்டு 2017-இல் திருத்திய மதிப்பெண் முறை ஒன்று இருக்கிறது. மூச்சு, ஆக்ஸிஜன், இரத்த அழுத்தம், நாடி, உணர்வுநிலை, வெப்பம் என ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் உண்டு. மூச்சு 25-ஐத் தொட்டாலே மூன்று மதிப்பெண். புதிதாகக் குழப்பமோ மயக்கமோ தென்பட்டாலும் மூன்று. ஏதேனும் ஒன்றில் மூன்று வந்தாலும் உடனே மருத்துவரிடம் சொல்லவேண்டும். அந்த அட்டவணையை அச்செடுத்துப் பையில் வைத்திருக்கிறோம்.

மூன்றாம் விதி ஞாயிற்றுக்கிழமை. ஒருத்தியின் வீட்டு மொட்டைமாடி அறையில் காலை இரண்டு மணி நேரம். அந்த வாரக் குறிப்பேடுகளை மாற்றிக்கொண்டு, மற்றவளின் எழுத்தை எதிரி வக்கீல்போல வாசிப்போம். இந்தப் புண்ணின் நீளம் போன வாரம் என்ன, ஏன் அளக்கவில்லை? இந்த அம்மாவின் சர்க்கரை 64 என்றிருக்கிறதே, பதினைந்து கிராம் சர்க்கரை கொடுத்துவிட்டுப் பதினைந்து நிமிடம் கழித்துத் திரும்பப் பார்த்தது எங்கே? பிறகு பழைய இ.சி.ஜி. தாள்களை மேசையில் பரப்பிக்கொண்டு ஆளுக்கு ஐந்து. பிறகு மருந்துக் கணக்கு. ஆரம்பத்தில் தலையணையை வைத்து மார்பழுத்தம் பழகினோம். தாளம் வந்தது, ஆழம் தெரியவில்லை. இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை, எங்களுக்குத் தெரிந்த ஆசிரியை ஒருவரின் தயவில் ஒரு செவிலியர் கல்லூரியின் பயிற்சிப் பொம்மையில் பழகுகிறோம். முதல் தடவை இரண்டு நிமிடத்தில் மூச்சு வாங்கியது. பக்கத்தில் இருந்த மாணவிகள் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள்.

நான்காவதாக, ஒரு தொண்டு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் மாதம் இரண்டு நாள் வேலை. சம்பளம் பெயருக்குத்தான். ஊசி ஏற்றும் கை அங்கேதான் திரும்பி வந்தது. போன வேகத்தில் வரவில்லை, ஆனால் வந்தது. அதே காலத்தில் நோய்த்தணிப்புச் சிகிச்சையில் ஒரு குறுகிய பயிற்சிக்கும் போனோம். கோழிக்கோட்டில் 1993-இல் தொடங்கி, 2008-இல் கேரள அரசே தனிக் கொள்கை வகுக்கும் அளவுக்கு வளர்ந்த இயக்கத்தைப் பற்றி அங்கே கேட்டறிந்தோம். நரம்பு கிடைக்காத முதியவருக்குத் தோலுக்கடியில் மெல்லிய ஊசி வைத்து மெதுவாக நீர் ஏற்றலாம் என்பதை அங்கே கற்றோம். உறையூர்ப் பாட்டியை நினைத்துக்கொண்டோம். எல்லா இடத்திலும் நரம்பைத் தேடுவதுதான் திறமை என்றிருந்த எங்களுக்கு, எப்போது தேடக் கூடாது என்பதும் திறமைதான் என்று தெரியவந்தது.

இவற்றுக்கெல்லாம் யாரும் எங்களுக்குப் பணம் தருவதில்லை. ஒரு நிமிடம் எண்ணினாலும் எண்ணாவிட்டாலும் வருகைக்கான தொகை ஒன்றுதான். நான்கு வீடு போகவேண்டிய நாளில் ஐந்து வீடு போனால் வருமானம் கூடும். ஞாயிற்றுக்கிழமை தூங்கினால் முழங்கால் வலி குறையும். சில நாள்களில் ஆறு மாதப் பயிற்சிகூட இல்லாத பெண்களை வெள்ளைச் சீருடையில் 'நர்ஸ்' என்று அனுப்பிவைக்கும் இடைத்தரகர்களுக்கும் எங்களுக்கும் குடும்பங்களின் கண்ணில் வேறுபாடே தெரிவதில்லை. அந்தப் பெண்கள்மீது குற்றம் சொல்லத் தோன்றவில்லை; அவர்களுக்கு யாரும் எண்ணச் சொல்லித் தரவில்லை. எங்களுக்குச் சொல்லித் தந்திருந்தார்கள். வேறுபாடு அவ்வளவுதான் என்றால், அதைக் காப்பாற்றிக்கொள்ளவேண்டிய கடமை எங்களுடையது. இந்தத் தொழிலுக்கு வர நினைக்கும் தங்கைகள் சிலர் எங்களிடம் வந்து, கை மரத்துப் போய்விடுமா என்று கேட்கிறார்கள். மரத்துப் போகும் என்றே சொல்கிறோம். வார்டில் இருந்தாலும் மரத்துப் போகும். அங்கே அதை மறைக்க ஆள் உண்டு, இங்கே இல்லை. ஆகவே தனியாக வராதே, உன் குறிப்பேட்டைத் திறந்து பார்க்க ஒருத்தியைக் கூட வைத்துக்கொள் என்று சொல்கிறோம்.

பெரியவர் அதன் பிறகு ஏழு மாதங்கள் இருந்தார். உணவு கொடுக்கும்போதும் கொடுத்த பிறகு ஒரு மணி நேரமும் தலைப்பக்கத்தை உயர்த்தி வைப்பதை அந்த அம்மா ஒரு வேளைகூட மறக்கவில்லை. முக்காலியில் அமர்ந்து, சுவர்க் கடிகாரத்தின் நொடிமுள்ளைப் பார்த்துக்கொண்டு, கணவரின் மார்பில் கிடக்கும் துண்டு ஏறி இறங்குவதை எண்ணுவார். மகன் படித்த காலத்துக் கோடு போட்ட நோட்டு ஒன்றில் காலை, மாலை என்று எழுதி வைப்பார். பிப்ரவரியில் ஓர் இரவு பதினோரு மணிக்குத் தொலைபேசியில் அழைத்து, வேறு எதுவும் சொல்லாமல், "இருபத்தி ஏழு, சிஸ்டர்" என்றார். அந்த முறை நேரத்தோடு மருத்துவரிடம் போக முடிந்தது. நான்கே நாளில் வீட்டுக்கு வந்துவிட்டார்.

மார்ச் மாதத்தில் அவர் இறந்தார், வீட்டில், வலியில்லாமல். மருத்துவமனைக்கு இனிக் கொண்டுபோக வேண்டாம் என்று குடும்பமும் மருத்துவரும் முன்பே பேசி முடிவெடுத்திருந்தார்கள். பதினாறாம் நாள் காரியம் முடிந்து நாங்கள் போனபோது, கட்டிலைக் கழற்றிச் சாத்தி வைத்திருந்தார்கள். புறப்படும்போது அந்த அம்மா நோட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். "எனக்கு எதுக்கு இது, உங்களுக்கு வேணும்னா வெச்சுக்குங்க" என்றார்.

பொன்மலைப்பட்டி நிறுத்தத்தில் பேருந்துக்குக் காத்திருந்தபோது அதைப் புரட்டினோம். 17, 19, 16, 21, 19, 22, 17. பக்கத்துக்குப் பக்கம் அப்படியே. எண்ணியவர் எழுதிய எண்கள். அந்த நோட்டு இப்போது எங்கள் ஞாயிற்றுக்கிழமை மேசையில் இருக்கிறது.